அணையாத பைலட் சுடர் எவ்வளவு காஸ் குடிக்கும்?

கேள்வி: பழைய காஸ் சுடுநீர் ஹீட்டர் ஒன்றை வாங்கிக் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். குளிக்காத நேரத்திலும் உள்ளே ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டே இருக்கிறது. அது தீக்குச்சி அளவுதான், செலவு ஒன்றும் ஆகாது என்கிறார் மாட்டித் தந்தவர். ஆனால் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சுடரை அணைத்து வைக்கலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தாராளமாக அணைத்து வையுங்கள். குழாயைத் திறந்ததும் பெரிய பர்னரைப் பற்றவைக்க எரிகிற பைலட் சுடர் அது. இவ்வகைச் சுடர் சாதாரணமாக 100 முதல் 150 வாட் வெப்பம் தரும். மணிக்குப் பத்து கிராம் சொச்சம்தான் என்றாலும், இரவும் பகலும் எரிவதால் நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் காஸ் போய்விடும். நீங்கள் ஒரு சொட்டு வெந்நீர் எடுக்காவிட்டாலும் 12.5 கிலோ சிலிண்டர் ஆறு முதல் ஒன்பது வாரத்தில் காலியாகிவிடும். உங்கள் ஊர்க் குளிரிலும் 20 லீற்றர் வாளித் தண்ணீரைக் குளிக்கும் பதத்துக்குச் சுட வைக்க 60 கிராம் அளவு போதும். தினமும் நான்கு வாளி வெந்நீரைக் கானில் ஊற்றுகிறீர்கள். 2022இல் ஒரு சிலிண்டருக்காக நாள் முழுக்க வரிசையில் நின்ற நமக்கு இது சின்ன நட்டமா?

சந்தேகமிருந்தால் சிலிண்டரைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் சுடரை எரியவிட்டும், மறுவாரம் குளிக்கும்போது மட்டும் பற்றவைத்தும் நிறுத்தால், ஒன்றரைக் கிலோ அளவில் வித்தியாசம் தெரியும்.

பற்றவைக்கும்போது குமிழை அழுத்தியபடி அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். சுடரின் பக்கத்திலுள்ள சிறு உலோகக் குச்சி சூடேறினால்தான் வால்வு திறந்தபடி நிற்கும். கையை எடுத்ததும் சுடர் அணைந்தால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வாடை போனபிறகே தீப்பெட்டியைத் தொடுங்கள்.

ஹீட்டரைக் குளியலறைக்குள் மாட்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்தால், மணமோ நிறமோ இல்லாத காபன் மொனொக்சைட் சேர்ந்து, குளிப்பவர் மயங்கி விழுந்து உயிரே போகலாம். கூரையின் கீழ், வெளிச்சுவருக்கு அதை மாற்றுங்கள். அங்கே காற்றடித்துச் சுடர் அடிக்கடி அணைந்தால், பைலட் இல்லாமல் பற்றரியில் பொறி தட்டும் ஹீட்டராகப் பார்த்து வாங்குங்கள். மாற்றும்வரை பிள்ளைகளுக்கு அடுப்பிலேயே தண்ணீர் சுட வைத்துக் கொடுங்கள்.