கும்பலா, கோஷ்டியா?

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர். மூன்று வருஷமாகத் தீர்மான நோட்டு எழுதுவது நான்தான். கூட்டத்துக்கு முதல் நாளே நான்கு பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இந்த மாதக் கடன் யாருக்கு என்று பேசி முடித்துவிடுகிறார்கள். பொறுக்க முடியாமல் போன மாதம் நோட்டில் ‘நால்வர் கும்பல்’ என்று எழுதிவிட்டேன். நால்வரில் ஒருத்தி என் நாத்தனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கோஷ்டி என்று போட்டிருக்கலாமா? எந்தச் சொல் சரி?
- வாசகி, நீடாமங்கலம் பக்கம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஆத்திரம் நியாயம். நாத்தனாரின் கோபமும் நியாயம்தான்.

நம் பக்கத்தில் கும்பல் என்பது பேச்சில் கெட்ட சொல்லே இல்லை. “மகாமகத்துல ஒரே கும்பல், குளத்துல கால் வைக்க முடியல” என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அங்கே அது வெறும் ஜனத்திரள். ஆனால் இத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லி, பக்கத்தில் கும்பலைச் சேர்த்தால் கதை மாறிவிடுகிறது. பத்திரிகையில் வரும் கொள்ளைக் கும்பல்தான் உடனே நினைவுக்கு வரும். உங்கள் நாத்தனார் படித்தது அதைத்தான்.

கோஷ்டி என்று போட்டிருந்தாலும் தப்பியிருக்க மாட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. இன்று அது படும் பாட்டைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் முன்பு பிரபந்தம் சேவிக்கிறவர்கள் கோஷ்டி. திருவையாற்றில் பகுள பஞ்சமியன்று தியாகராஜர் சன்னிதியில் எல்லோரும் உட்கார்ந்து பஞ்சரத்ன கிருதிகளை ஒரே குரலாகப் பாடுவது கோஷ்டி கானம். அதே சொல் கட்சி அரசியலுக்குள் போய் ‘கோஷ்டிப் பூசல்’ ஆகிவிட்டது. பூசல் என்றால் எதிர்க் கோஷ்டி ஒன்று வேண்டும். அவர்களை நீங்கள் கோஷ்டி என்று எழுதினால், மற்ற பத்துப் பேருக்கும் நீங்கள்தான் தலைவி என்று ஊர் பேசும்.

குழு என்ற சொல்லுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்’ இல்லாததே நாடு என்கிறது 735-ஆம் குறள். அங்கே நாட்டைக் கெடுப்பவற்றின் வரிசையில் நின்ற சொல், 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய பிறகு, “குழுவுக்குக் கட்டணும்” என்று வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டது.

மறைத்துப் பேசுவது எல்லாமே சதியும் இல்லை. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல்லுக்கு நன்னூல் குழூஉக்குறி என்று பெயர் கொடுத்தது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் அந்த வகைதான். அது தொழில் ரகசியம், அவர்கள் சொந்தப் பணம். உங்கள் நால்வர் பேசியது 14 பேருடைய பணத்தை. அதனால்தான் எனக்கும் அது தவறாகப் படுகிறது.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள், அவர்களின் உறவினர்கள் ஆகியோரின் நிலத்தைப் பற்றியது. கொன்றவர்கள் தங்களுக்குள் அண்ணன் தம்பிகள். சதிக்கூட்டம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ‘கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ என்று செயலை முன்னால் வைத்து, பிறகு ஆள்களைப் பெயர் பெயராகச் சொல்கிறது கல்வெட்டு. படிக்கிறவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிகிறது.

நீங்களும் அப்படியே எழுதுங்கள்: “கூட்டத்துக்கு முதல் நாளே நான்கு உறுப்பினர்கள் தனியாகப் பேசிக் கடனை முடிவு செய்தார்கள்.” பட்டப்பெயரே தேவையில்லை. பேச்சில் சொல்வதானால் “கமுக்கமா முடிச்சிட்டாங்க” என்போம். நடந்ததற்கு அந்த ஒரு சொல் போதும். அவர்கள் நெருக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். “ஒண்ணுக்குள்ள ஒண்ணா” நாலு பெண்கள் இருப்பது நல்ல விஷயம்.

எழுதியதை அடிக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவதாக நீங்களே தீர்மானம் கொண்டுவாருங்கள். அதே கூட்டத்தில், கடன் கேட்கிறவர்கள் எல்லோருடைய பெயரையும் 14 பேர் முன்னிலையில் வாசித்த பிறகே முடிவு என்றும் ஒரு தீர்மானம் போடுங்கள்.

நாத்தனாரைப் பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள். “கும்பல்னு எழுதினது தப்பு, கடன் விஷயத்துல எனக்கு வருத்தம் இருக்கு” என்று இரண்டையும் சொல்லுங்கள். போகும்போது நோட்டை எடுத்துப் போகாதீர்கள்.