டெஸ்க்டாப் இல்லாத கணினியில் காணொளி பார்க்க முடியுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். 2 ஜிபி நினைவகமே உள்ள பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸை டெஸ்க்டாப் (சாளரங்களும் படச்சின்னங்களும் வரும் வரைகலைத் திரை) இல்லாமல் நிறுவியிருக்கிறேன். கறுப்புத் திரையில் எழுத்து மட்டுமே வருகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியின் பழைய பதிவுகளைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். டெஸ்க்டாப்பை நிறுவித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எழுத்து மட்டும் தெரிவதால் அந்தத் திரைக்கு எழுத்தைத் தவிர வேறொன்றும் காட்டத் தெரியாது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். இன்றைய லினக்ஸில் அந்த எழுத்துகளே புள்ளி புள்ளியாக வரையப்படுபவைதாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் டிஆர்எம் என்னும் பகுதி திரையை நேரடியாக ஆள்கிறது. டெஸ்க்டாப்பும் தன் படத்தை அதனிடம் கொடுத்துத்தான் திரைக்குக் கொண்டுவருகிறது. (பதிப்புரிமைப் பூட்டையும் இதே மூன்றெழுத்தால் குறிப்பார்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை.) ஆகவே, டிஆர்எம்மோடு நேராகப் பேசத் தெரிந்த ஒரு காணொளி இயக்கி இருந்தால் போதும்.

அதற்கு நான் பரிந்துரைப்பது எம்பிவி. நடுவில் வருவது பினாங்கின் 'பி'. டெபியனில் மென்பொருள் நிறுவ உதவும் ஆப்ட் கட்டளையால் அதை நிறுவும்போது வரைகலை நூலகங்கள் பலவும் கூடவே இறங்கும். அதைக் கண்டு தயங்க வேண்டாம். அவை வட்டில் இடம் பிடிக்குமே தவிர, டெஸ்க்டாப் எதுவும் இயங்கப் போவதில்லை. நிறுவியபின் எம்பிவி என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் படம் திரை முழுவதும் விரிந்துவிடும். விரியாவிட்டால், கோப்பின் பெயருக்கு முன்னால் இரண்டு சிறுகோடு, விஓ, சமக்குறி, டிஆர்எம் ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்துக் கொடுங்கள். அப்போதும் அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கை 'வீடியோ' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பழைய மடிக்கணினிகளில் நிறுவும்போது சிலர் கர்னலுக்கு 'நோமோட்செட்' என்ற சொல்லைக் கொடுத்துவிடுவதுண்டு. அது இருக்கும்வரை இந்த வழி திறக்காது, நீக்கிவிடுங்கள்.

படம் ஓடியும் ஒலி வராமல் போவது மிகவும் வழக்கமான சிக்கல். ஆல்சா யூட்டில்ஸ் என்னும் ஒலிக் கருவித் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள ஆல்சாமிக்ஸரைத் திறங்கள். நெடுக நிற்கும் பட்டைகளின் அடியில் சிறிய கட்டங்கள் இருக்கும். மாஸ்டர், ஸ்பீக்கர் ஆகியவற்றின் கட்டத்தில் 'எம்எம்' என்று இருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையை ஒருமுறை அழுத்தினால் அது 'ஓஓ' என்று மாறும். பிறகு மேல் அம்புக்குறியால் ஒலியைக் கூட்டலாம்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் இந்தத் திரையில் கட்டங்களாகத் தெரியும். கன்சோல் எனப்படும் இந்த எழுத்துத் திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்கே இடம் உண்டு. கொம்பையும் காலையும் சேர்த்து எழுதவும் அதற்குத் தெரியாது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். காணொளிக்குள் வரும் தமிழ் வசனவரிகளை எம்பிவி படமாகவே வரைவதால், லோகித் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை நிறுவினால் அவை ஒழுங்காகத் தெரியும்.

படத்தையே எழுத்துகளால் வரைந்து காட்டும் வழியும் உண்டு. 80 பத்தியும் 25 வரியும் உள்ள திரையில், ஓர் எழுத்திடத்துக்கு மேலும் கீழுமாக 2 நிறம் என்று வைத்தாலும் மொத்தம் 4,000 புள்ளிகள்தாம். 640க்கு 480 அளவுள்ள சாதாரணப் படத்திலோ 3,07,200 புள்ளிகள். பூக்குழியில் இறங்குபவர் யார் என்று தாத்தாவால் அடையாளம் காண முடியாது. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் தொலை இணைப்பு வழியாக உள்நுழைந்து பார்க்கும்போது மட்டுமே அந்த வழியை நாடுங்கள்.

புதிய கைப்பேசிகளில் எடுத்த ஹெச்இவிசி என்னும் சுருக்க வடிவப் பதிவுகள் உங்கள் கணினியில் திக்கித் திக்கி ஓடக்கூடும். எஃப்எஃப்எம்பெக் என்னும் காணொளி மாற்றும் கருவியைக் கொண்டு அவற்றை ஹெச்.264 வடிவில், 480 வரி உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூலப்பதிவை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். சுருக்கியதைத் திரும்பப் பெருக்க முடியாது.

ஓடும்போது இடைவெளி விசை படத்தை நிறுத்தும். இடது அம்புக்குறி 5 விநாடி பின்னே கொண்டுபோகும். நீண்ட பதிவைப் பாதியில் விட்டுத் தாத்தா உறங்கப் போனால், ஷிஃப்டோடு சேர்த்துக் கியூவை அழுத்தி வெளியேறுங்கள். மறுநாள் அதே கோப்பைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.