கேள்வி-பதில்: பல்செட்டைக் கழற்றிவிட்டு ஓடிய விவசாயி

கேள்வி: 61 வயது விவசாயி ஒருவர் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்று, இளைஞர்களை எல்லாம் தோற்கடித்து 875 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஜெயித்தார் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையா, யாராவது கட்டிவிட்டதா?

பதில்: ஆளும் உண்மை, ஓட்டமும் உண்மை. அவர் பெயர் கிளிஃப் யங். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பீச் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர். 1983-இல் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை நடந்த அல்ட்ரா மாரத்தான் என்ற நெடுந்தூர ஓட்டத்தை 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் முடித்து முதலில் வந்தார்.

ஆனால் வாட்ஸ்அப் கதையில் எனக்குப் பிடிக்காத ஒரு இடம் உண்டு. வயலிலிருந்து நேராக எழுந்து வந்த ஒன்றும் தெரியாத பெரியவர், அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிட்டார் என்பதுபோல் எழுதியிருப்பார்கள். அது அவர் உழைப்புக்குச் செய்கிற அநியாயம். அதற்கு முந்தைய வருடம், 1982-இல், மாதக்கணக்கில் ஓட்வே மலைப்பகுதியில் ஓடிப் பழகிவிட்டு, ஆயிரம் மைல் (சுமார் 1,600 கிலோமீட்டர்) ஓட்டத்தின் உலக சாதனையை முறியடிக்கிறேன் என்று பக்கத்து ஊரான கோலாக்கின் சதுக்கத்தில் இறங்கினார். பாதியைக் கொஞ்சம் தாண்டி, 805 கிலோமீட்டரில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஆக, 875 கிலோமீட்டர் என்றால் உடம்பு எங்கே மக்கர் பண்ணும், எப்போது தூக்கம் கண்ணைச் சொருகும் என்று தெரிந்துதான் சிட்னியில் வந்து நின்றார்.

கேள்வி: சரி, அந்த வயதில் எப்படி முடிந்தது? தூங்காமலே ஓடினாராமே?

பதில்: கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 875 கிலோமீட்டரை 135 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் ஆறரை கிலோமீட்டர். வேகமாக நடக்கிற ஒருவர் ஒரு மணி நேரம் போகிற தூரம்தான் அது. சிரமம் வேகத்தில் இல்லை, அதே ஆறரையை ராத்திரி பகல் பார்க்காமல் ஐந்தரை நாளுக்கு மேல் விடாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. மற்றவர்கள் வேகமாக ஓடி, இரவில் மணிக்கணக்கில் படுத்தார்கள். இவர் மெதுவாகப் போனார், மிகக் குறைவாகத் தூங்கினார். முதல் இரவில் அவருக்குத் துணையாக வந்தவர்கள் நேரத்தைத் தப்பாகப் பார்த்து முன்கூட்டியே எழுப்பிவிட்டார்கள், அதிலேயே முன்னால் போய்விட்டார் என்றும் சொல்வார்கள். ஒருவேளை அப்படியே இருக்கட்டும், அதற்குப் பிறகு வந்த இரவுகளிலும் அவர்தானே எழுந்து ஓட வேண்டியிருந்தது!

அவர் ஓடிய விதமும் தனி. பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல், இழுத்தாற்போல் ஒரு ஓட்டம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் உடம்பு மேலே எம்பிக் கீழே விழுவது குறைகிறது, சக்தி வீணாவதில்லை. அவர் பெயரிலேயே 'யங் ஷஃபிள்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஓடும்போது பல்செட் கடகடவென்று ஆடுகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவார். அப்புறம் அந்த ரப்பர் பூட்ஸ்: அது அவர் பண்ணையில் ஓடியபோது போட்டது, போட்டிக்கு அல்ல.

கேள்வி: விவசாயக் குடும்பத்துக்கும் இவ்வளவு தூரம் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நேரடியான சம்பந்தம். ஏழு பிள்ளைகளில் மூன்றாவது, ஆண்பிள்ளைகளில் மூத்தவர். பண்ணை சுமார் 2,000 ஏக்கர், ஆடுகளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் குதிரை வாங்க வசதி இல்லாததால், மந்தையைக் காலால் ஓடித்தான் வளைக்க வேண்டும். புயல் வருகிறது என்றால் அத்தனை ஆடுகளையும் சேர்த்துக் கொண்டுவரும்வரை, இரண்டு மூன்று நாள் ஆனாலும், ஓய்வு கிடையாது. மெல்போர்ன் சாலையில் ஓடும்போதும் புயலுக்கு முன்னால் ஆட்டை விரட்டிக்கொண்டு போவதாகவே நினைத்துக்கொண்டேன் என்று பின்னாளில் சொன்னார். போட்டி நடந்த சமயத்திலும் கல்யாணம் ஆகாமல், அம்மாவோடும் தம்பியோடும் அதே குடும்ப வீட்டில்தான் இருந்தார்.

கேள்வி: பரிசுப் பணத்தை என்ன செய்தார்? ஜெயித்தபிறகு ஆளே மாறிப்போயிருப்பாரே?

பதில்: பரிசு 10,000 ஆஸ்திரேலிய டாலர். பரிசு இருப்பதே தனக்குத் தெரியாது, கூட ஓடி முடித்தவர்களும் என்னைப் போலத்தானே கஷ்டப்பட்டார்கள் என்று சொல்லி, அவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். வசதியானவர் கொடுப்பது வேறு. ஆட்டை விரட்டக் குதிரை வாங்க முடியாத வீட்டில் வளர்ந்தவர் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நெகிழ்ந்துவிடும். 1984-இல் அந்த நாட்டின் கௌரவ விருதான 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' பதக்கம் கிடைத்தது. அதற்காக ஓட்டத்தையும் விடவில்லை.

1997-இல், எழுபத்தைந்து வயதைத் தாண்டியபிறகு, வீடில்லாத பிள்ளைகளுக்கு நிதி திரட்ட ஆஸ்திரேலியாவையே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று கிளம்பினார். மொத்தம் சுமார் 16,000 கிலோமீட்டர். 6,520 கிலோமீட்டர் ஓடியும் விட்டார். துணைக்கு வந்திருந்த ஒரே ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் அதை நிறுத்தினார். தன் கால் ஓய்ந்து நிறுத்தவில்லை, கூட வந்தவருக்காக நிறுத்தினார். இந்தப் பகுதியை வாட்ஸ்அப் கதையில் யாரும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இதில் கோப்பை இல்லை. என்னைக் கேட்டால் 1983-ஐவிட இதைத்தான் முதலில் சொல்வேன்.

கேள்வி: அவர் ஊர்க்காரர்கள் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள்?

பதில்: 2003 நவம்பரில், 81 வயதில் காலமானார். பீச் ஃபாரஸ்டில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, ரப்பர் பூட்ஸ் வடிவத்தில். சிலை வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது. 1982-இல் அவர் பாதியில் நிறுத்திய அதே கோலாக்கில், அவர் பெயரிலேயே ஆறு நாள் ஓட்டப் போட்டி ஒன்றைப் பல வருடம் நடத்தினார்கள். அடுத்த தடவை அந்தக் கதை உங்கள் குழுவில் வந்தால், 805 கிலோமீட்டரையும் 6,520 கிலோமீட்டரையும் சேர்த்து எழுதி அனுப்பிவிடுங்கள்.