தாய்ச் சங்கம் கலைகிறது, கிளை தொடரலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முதலுதவியும் கடல் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களின் மாநில அளவிலான தொழில்முறைச் சங்கம் ஒன்றின் உள்ளூர்க் கிளையாக அவருடைய குழு ஒன்பது ஆண்டுகளாக இயங்கி வருகிறது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 23 தன்னார்வலர்கள் அதில் இருக்கிறார்கள். சந்தா கட்டுவோர் குறைந்துவிட்டதால் ஜூன் இறுதியில் சங்கத்தைக் கலைக்கப்போவதாகத் தலைமையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கிளைக் கணக்கில் 41,000 ரூபாய் இருக்கிறது. பயிற்சிப் பொம்மை ஒன்றும் லைஃப் ஜாக்கெட்டுகள் 18-உம் இருக்கின்றன. அதே பெயரில் தொடரலாமா, பணமும் பொருளும் யாருடையவை, உடனே பதிவு செய்தாக வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தொடரலாம். கூடிச் செயல்படும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்குத் தந்தது. அதற்குத் தாய்ச் சங்கத்தின் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் சங்கத்தின் துணைவிதிகளின்படி தொடங்கப்பட்ட கிளை, தனியாகப் பதிவு பெறாத வரை, சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அன்று. வங்கிப் புத்தகத்தில் கிளையின் பெயரே அச்சாகியிருந்தாலும், சங்கத்தின் பான் எண்ணையும் தலைமையின் தீர்மானத்தையும் காட்டித் திறந்த கணக்கு சங்கத்தின் கணக்குதான். உள்ளூர்க்காரர்கள் படகுக்குப் படகு ஏறி இறங்கித் திரட்டிய பணமாயிற்றே என்ற வருத்தம் நியாயமானது. இருந்தாலும் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தில் எழுதி வாங்கிய நன்கொடை சங்கத்துக்கே கொடுக்கப்பட்டதாகும்.

ஆகவே முதலில் அந்தக் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை வாசியுங்கள். கலைப்பது முடிவாகிவிட்டது என்கிறதா, கலைக்கக் கூட்டம் கூடப்போகிறது என்கிறதா? இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்களுக்கான வாய்ப்பு இருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி கலைப்புக்கான சிறப்புத் தீர்மானம் என்றால், குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில், வந்திருக்கும் வாக்குரிமை உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஏற்க வேண்டும். சில பழைய சங்கங்கள் 1860-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் பதிவானவையாக இருக்கும். அதில் கலைப்புக்கு மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் முடிவு வேண்டும். கடன்களைத் தீர்த்தபின் மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியாது, வேறொரு சங்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் அந்த மத்தியச் சட்டம் சொல்கிறது. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது, எஞ்சிய சொத்தைப் பற்றி அதன் துணைவிதி என்ன சொல்கிறது என்பதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் வரிசையை மாற்றிவிடுகின்றன. சங்கம் கலையட்டும், பிறகு நிதானமாக நாம் பதிவு செய்துகொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். சங்கங்களின் கணக்கு வேலையில் இருந்த காலத்தில், இப்படிக் காத்திருந்த ஒரு கிளையின் தளவாடங்கள் முழுவதும் வேறு மாவட்டத்து அமைப்பொன்றுக்கு லாரியில் ஏறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. தீர்மானம் எழுதிய நாளில், பெற்றுக்கொள்வதற்குப் பதிவுள்ள பெயரோடு எதிரே யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் முதலில் பதிவை முடித்துக்கொண்டு, 'இன்ன பதிவெண் கொண்ட, இதே நோக்கமுள்ள சங்கத்துக்குக் கிளையின் இருப்பும் தளவாடங்களும் ஒப்படைக்கப்படும்' என்ற வரியைக் கலைப்புத் தீர்மானத்திலேயே சேர்க்கும்படி தலைமைக்குக் கடிதம் எழுதுங்கள். பதிவு தாமதமாகும் என்று தோன்றினால், பொருள்களையாவது கலைப்புக்கு முன் நியாயமான விலைக்கு வாங்கி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

பதிவு கட்டாயமா என்றால், உங்கள் நிலையில் ஆம். ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர் எண்ணிக்கை 20-ஐ எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும். நீங்கள் 23 பேர். அறக்கட்டளையாக எழுதிவிடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். ஆவண வேலை குறைவுதான். ஆனால் அதில் அதிகாரம் அறங்காவலர்கள் சிலரிடமே நிற்கும். சனிக்கிழமைதோறும் வெயிலில் நின்று பயிற்சி கொடுப்பவருக்கு வாக்கு இல்லாத அமைப்பில் தன்னார்வலர்கள் நெடுநாள் தங்குவதை நான் பார்த்ததில்லை. சங்கமே பொருத்தம் என்பது என் கருத்து. படிவங்களின் விவரத்தை ராமநாதபுரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

தொடக்கக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதில் ஒரு கடற்கரைக் கணக்கு உண்டு. உங்கள் தன்னார்வலர்களில் விசைப்படகுத் தொழிலாளர்கள் இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அவர்கள் கரையில் இருப்பார்கள். கலைப்புக்குச் சற்று முந்தைய இரண்டு மாதமும் அதுவே. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லாததால் நேரத்தை அவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். ஏழு கையெழுத்தையும் ஒரே மாலையில் வாங்கிவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

பெயரைப் பொறுத்தவரை, விட்டுவிடுவதே நல்லது. தாய்ச் சங்கத்தின் பெயரும் சின்னமும் அதன் சொத்துகள். கலைப்பின்போது அவை யார் கைக்கும் போகலாம். கணினித் துறையில் நடந்த ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளோடு வேலை செய்பவர்களுக்காக 1999-இல் தொடங்கி, சுருக்கமாகப் பாஸ் என்று அழைக்கப்பட்ட பன்னாட்டுத் தொழில்முறைச் சங்கத்துக்குப் பல நாடுகளில் தன்னார்வலர் நடத்தும் உள்ளூர்க் குழுக்கள் இருந்தன. ஆண்டு மாநாட்டு வருமானத்தை நம்பியிருந்த அந்தச் சங்கம், கொரோனாவால் அது படுத்துவிட, 2020 டிசம்பரில் அறிவித்து 2021 ஜனவரி 15 அன்று மூடப்பட்டது. அதன் தளத்தில் இருந்தவற்றில் வேண்டியதை உறுப்பினர்கள் அந்தச் சில வாரங்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சங்கத்தின் பெயரை ரெட்கேட் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. அது நடத்திவந்த சனிக்கிழமைப் பயிற்சி நிகழ்ச்சிகளின் பெயர் பின்னர் தனியான லாப நோக்கமற்ற அமைப்பொன்றுக்கு மாறியது. உள்ளூர்க் குழுக்கள் பல தொடர்ந்து கூடின. பெயர் ஒரு பக்கம் போனது, கூடும் பழக்கம் மறுபக்கம் நின்றது.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டியல். பயிற்சி பெற்றவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் தலைமையின் மின்னஞ்சல் கணக்கில் மட்டும் இருந்தால் ஜூனுக்குப் பிறகு அது திறக்காமல் போகலாம். ஆனாலும் அதை அப்படியே நகலெடுத்துப் புதிய சங்கத்தில் ஒட்டிவிடாதீர்கள். புதிய பெயரைச் சொல்லி, சேர விருப்பமா என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுங்கள். கேட்கப் போகும் சாக்கில் பலரை மறுபடி பயிற்சிக்கும் இழுத்து வந்துவிடலாம்.

இனித் தளவாடப் பெட்டி. தகரப் பெட்டியைத் திறந்து, பொருளைப் பார்த்தபடியே எழுதுங்கள். பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதக் கூடாது. பொம்மையின் நெஞ்சுக்குள் இருக்கும் சுருள்வில் அமுக்கினால் திரும்பி எழுகிறதா, நுரையீரல் பைகள் எத்தனை கிழியாமல் இருக்கின்றன, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் உப்புக்காற்றில் இறுகிவிட்டனவா, தையல் விரலால் இழுத்தால் பிரிகிறதா என்பதையெல்லாம் எதிரே குறியுங்கள். 18 ஜாக்கெட் என்று பெற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவற்றில் ஐந்து மிதக்காதவை என்று பிறகு தெரிந்தால் பொறுப்பு உங்களுடையது. பயிற்சியின்போது தன்னார்வலர்களுக்குச் சங்கம் விபத்துக் காப்பீடு எடுத்திருந்ததா என்பதையும் அன்றே கேளுங்கள். சங்கம் போனால் அதுவும் போகும், கடலில் இறங்கும் பயிற்சியைப் புதிய காப்பீடு வரும்வரை நிறுத்திவைப்பதே முறை.

பணத்தில் உங்கள் கடற்கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் நன்கொடை அது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், பிறந்த ஊர் கீழக்கரையே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான்; அவர் பணத்தை வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். தாய்ச் சங்கத்துக்கு அந்தப் பதிவு இருந்திருந்தாலும் அது உங்களுக்குத் தொற்றாது. அந்தக் கணக்கில் மிஞ்சிய பணத்தையும் உங்களுக்கு மாற்றித் தர முடியாது. 2020-இல் செய்த திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே கொடுப்பவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வருமான வரிச் சலுகைக்கான பழைய 80ஜி ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளும் கிழிக்க வேண்டாம். உங்கள் சங்கத்துக்குத் தனியாக ஒப்புதல் வரும்வரை வரிச்சலுகை கிடையாது என்று சொல்லியே வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில்முறைச் சங்கம் உங்களுக்குக் கொடுத்துவந்தவற்றில் கடினமாகக் கிடைப்பது பாடத்தின் சரிபார்ப்பு. உயிர்மீட்பு முதலுதவியின் பன்னாட்டு வழிகாட்டு முறைகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும் என்று பொதுமக்களுக்குச் சொல்லப்படும் எளிய முறை, திடீரென்று இதயம் நின்று விழுந்தவருக்குப் பொருந்தும். நீரில் மூழ்கியவர் காற்றின்றித் தவித்தவர் என்பதால், அவருக்கு மூச்சுக் கொடுப்பதும் இன்றியமையாதது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட பயிற்சி, அதுவும் பாம்பன் கரையில், வீண். 2022-இல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் அல்லது அவசர மருத்துவத் துறையில் எழுத்து வாயிலாகக் கேட்டு, ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பாடத்தைப் பார்த்துத் தர ஒரு மருத்துவரை வேண்டிக்கொள்ளுங்கள். அது கிடைக்கும்வரை, 'பயிற்சியில் கலந்துகொண்டார்' என்று மட்டும் சான்று கொடுங்கள். 'தகுதி பெற்றார்' என்று எழுதும் அதிகாரம் தாய்ச் சங்கத்தோடு முடிந்துவிடுகிறது.

கிளையின் ரப்பர் ஸ்டாம்பையும் பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களையும் எண்களைக் குறித்துத் தலைமைக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் புதிய சங்கத்தின் முதல் கோப்பில் வையுங்கள். வங்கிக் கணக்கை முடிக்கும் கடிதத்தில், சங்கம் கலைவதற்கு முந்தைய தேதியில், தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஜூலையில் போனால் அந்தக் கையெழுத்துகளை வங்கி ஏற்காமல் போகலாம்.