சி-குரூப்பை எங்கே மவுண்ட் செய்வது? சில கேள்விகள், பதில்கள்

ப்ராசஸ்களின் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்களின்) சிபியு, மெமரி பயன்பாட்டுக்கு லினக்ஸ் கர்னல் வரம்பு போடும் வசதிதான் சி-குரூப். அதை ஒரு டைரக்டரியில் மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, அங்கே தெரியும் டைரக்டரி, ஃபைல் வழியாகத்தான் இயக்க வேண்டும் என்பதால் 'எந்த டைரக்டரி?' என்ற கேள்வி ஓயாமல் வருகிறது.

கேள்வி: ஒரு கையேட்டில் /டெவ்/சிகுரூப், இன்னொன்றில் /சிகுரூப், வேறொன்றில் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்று இருக்கிறது. எதை நம்புவது சார்?

மூன்றும் ஒரு காலத்தில் புழங்கியவைதான். சி-குரூப் 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலோடு வந்தபோது, இதற்கென்று நிலையான இடம் எதுவும் இல்லை. ஆளுக்கொரு இடத்தில் மாட்டினார்கள். 2010இல் 2.6.36 வந்தபோது /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்ற வெற்று டைரக்டரியைக் கர்னலே உருவாக்கித் தந்தது. இன்று அதுதான் இடம்.

கேள்வி: /சிகுரூப் என்றால் டைப் செய்யச் சுலபம். அதில் என்ன குறை அண்ணா?

உச்சி டைரக்டரியான ரூட்டுக்கு (/) நேர் கீழே புது டைரக்டரி முளைக்கக் கூடாது என்பது ஃபைல் சிஸ்டம் படிநிலைத் தரத்தின் நிலைப்பாடு. /டெவ் டிவைஸ் ஃபைல்களுக்கான இடம். சி-குரூப் டிவைஸ் இல்லை. இதெல்லாம் ஒழுங்கு சம்பந்தப்பட்ட காரணங்கள். எனக்குப் புத்தி வந்தது வேறு விதத்தில்.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று, /சிகுரூப்புக்குள் 'எம்கேடிர் -பி' கொடுத்து டைரக்டரி உண்டாக்கி, மெமரி வரம்பு ஃபைலில் 512 எம்பி என்று எழுதும். ஒருநாள் ரீபூட்டுக்குப் பிறகு சி-குரூப் மவுண்ட் ஆகவில்லை. ஸ்கிரிப்ட் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. 'கேட்' கட்டளையால் ஃபைலைத் திறந்து பார்த்தால் நான் எழுதிய எண் அப்படியே இருக்கிறது! ப்ராசஸோ மெமரியை இஷ்டத்துக்குத் தின்றுகொண்டிருந்தது. நான் எழுதியது டிஸ்க்கில் இருந்த சாதாரண ஃபைலில். அசல் சி-குரூப் என்றால் டைரக்டரி உண்டாக்கிய கணமே கர்னல் அதற்குள் ஏகப்பட்ட ஃபைல்களை நிரப்பியிருக்கும். அங்கே நான் எழுதியவை மட்டும்தான் கிடந்தன.

/சிஸ்ஸில் இருப்பது சிஸ்எஃப்எஸ் என்ற, கர்னலே நடத்தும் ஃபைல் சிஸ்டம்; அதில் இந்த ஏமாற்று நடக்காது. மவுண்ட் ஆகாத நிலையில் அங்கே எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனர் எம்கேடிர் கொடுத்தாலும் கர்னல் மறுத்துவிடும். பிழை அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: /ப்ராக்கில் வைத்திருக்கலாமே?

/ப்ராக் ப்ராசஸ் விவரங்களுக்கு. ஏற்கெனவே அங்கே கண்டதும் குவிந்து கிடக்கிறது. ஒரு ப்ராசஸ் எந்த குரூப்பில் இருக்கிறது என்று மட்டும் /ப்ராக்/செல்ஃப்/சிகுரூப் சொல்லும். அந்த வேலை அங்கே பொருத்தம்தான்.

கேள்வி: என் ப்ரோகிராமில் இந்தப் பாதையை நேரடியாக எழுதிவிடலாமா?

மவுண்ட் செய்வது நீங்கள் என்றால் தாராளமாக. படிப்பது மட்டும் என்றால் /ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோவைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், பழைய மெஷின்களிலும் ஓடும். கூடவே, பாதை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். 'ஸ்டாட்' கட்டளையில் ஃபைல் சிஸ்டம் வகையைக் கேளுங்கள்: 'சிகுரூப்2எஃப்எஸ்' என்றால் வி2 (சி-குரூப்பின் புதிய, இரண்டாம் பதிப்பு), 'டிஎம்பிஎஃப்எஸ்' என்றால் பெரும்பாலும் பழைய வி1, அதாவது மெமரி, சிபியு என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு போடும் கன்ட்ரோலர்கள் தனித்தனியாக உள்ளே மவுண்ட் ஆகியிருக்கும்.

கேள்வி: வி2வில் உச்சியிலேயே என் டைரக்டரியைப் போட்டுக்கொள்ளலாமா?

சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் ப்ரோகிராம்) ஓடும் மெஷினில் வேண்டாம். அந்த மரம் அதன் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் சர்வீஸின் யூனிட் ஃபைலில் 'டெலிகேட்=எஸ்' கொடுத்து, கிடைக்கும் கிளைக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிபியு கேஷைப் பங்கிடும் ரிசோர்ஸ் கன்ட்ரோலும் சி-குரூப்புக்குள்தானா?

இல்லை, அது தனி ஃபைல் சிஸ்டம். ஆனால் பக்கத்து வீடு: /சிஸ்/எஃப்எஸ்/ரெஸ்கன்ட்ரோல். பொதுவாக நீங்களேதான் மவுண்ட் செய்ய வேண்டியிருக்கும். அந்த டைரக்டரியே கண்ணில் படவில்லை என்றால் உங்கள் சிபியுவில் வசதி இல்லை, அல்லது கர்னலில் அதைச் சேர்க்கவில்லை. எம்கேடிர் போட்டுப் பார்க்காதீர்கள்.