பேதுருவின் மனைவி எங்கே போனார்?

கேள்வி: சீடர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள் என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். பேதுருவுக்கு மாமியார் இருந்தார் என்றால் மனைவியும் இருந்திருப்பாரே, அவர் கதி என்ன? முதல் சீடர்கள் எல்லாரும் துறவிகளா?

பதில்: துறவிகள் இல்லை. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை விட்டு விட்டுப் படிக்காமல் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கரையில் வலையை விட்டுவிட்டுக் கிளம்பிய பேதுரு, அதே அதிகாரத்தில் இயேசுவோடு கப்பர்நகூமில் உள்ள தன் வீட்டுக்குத்தான் வருகிறார். மாமியார் காய்ச்சலாகப் படுத்திருக்கிறார், குணமானதும் எழுந்து வந்தவர்களைக் கவனிக்கிறார். மனைவியைப் பற்றிச் சுவிசேஷங்களில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் 20 வருடங்களுக்கும் மேல் கழித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் (9:5), கேபா, அதாவது நம் பேதுரு, மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் ஊழியத்துக்குப் போகிறார் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். ஆக அந்த அம்மாவும் ஊர் ஊராகப் போயிருக்கிறார்.

அதற்காக அவர்கள் விட்டது சாதாரணமானது என்று நினைக்க வேண்டாம். யாக்கோபும் யோவானும் அப்பா செபெதேயுவைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், அதாவது கூலியாள் வைத்து நடத்துகிற அளவுக்கு ஓடிக்கொண்டிருந்த தொழில். 1986இல் கலிலேயாக் கடலில் தண்ணீர் வற்றியபோது அந்தக் காலத்துப் படகு ஒன்று சேற்றுக்குள் கிடைத்தது: நீளம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், பலவகை மரத்துண்டுகளை வைத்துத் திரும்பத் திரும்பப் பழுது பார்த்திருக்கிறார்கள். படகு அவ்வளவு அருமையான சொத்து.

சரி, விட்டுவிட்டு வந்து என்ன செய்தார்கள்? மாற்கு 3:14 இரண்டே வேலைதான் சொல்கிறது, அவரோடு கூட இருப்பது, அப்புறம் அவர் அனுப்புகிற இடத்துக்குப் போவது. உட்கார்ந்து பாடம் படித்ததைவிட கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, யாரோடெல்லாம் அவர் பந்தியில் உட்காருகிறார் என்று பார்த்துத் திகைத்ததுதான் அதிகம்.

எல்லாரையும் அவர் கூட அழைத்துப் போகவும் இல்லை. பேய் பிடித்துக் குணமான கெரசேனர் நாட்டுக்காரர் நானும் வருகிறேன் என்று கெஞ்சுகிறார். நீ வீட்டுக்குப் போய் உன் ஆட்களிடம் நடந்ததைச் சொல் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். பெத்தானியா மார்த்தாள் வீட்டிலேயே இருந்து வரவேற்றவர். இன்னொரு பக்கம், மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரர் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் இவர்களெல்லாம் கூடவே நடந்தார்கள், தங்கள் சொந்தப் பணத்தில் செலவையும் பார்த்துக்கொண்டார்கள் (லூக்கா 8). கைது நடந்த ராத்திரி ஆண் சீடர்கள் ஓடிவிட்டார்கள், பேதுரு கொஞ்ச தூரம் பின்னாலேயே போனார், ஆனால் மறுதலித்தார். மறுநாள் சிலுவையைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களில் இந்த மகதலேனா மரியாளும் உண்டு. சீடர் என்றாலே பன்னிரண்டு ஆண்கள் என்று படம் வரைந்து வைத்திருப்பது நம் பழக்கம், அவ்வளவுதான்.

கேள்வி: ஞானஸ்நானம் வாங்கினால் உடனே சீடர் ஆகிவிடலாமா, அல்லது பரீட்சை ஏதாவது உண்டா?

பதில்: ஆரம்பத்தில் உடனேதான். அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைப் பார்த்ததும் ரதத்தை நிறுத்தச் சொல்லி அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுவிடுகிறார். போகப்போக நிலைமை மாறியது. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்கிறார். விசாரணையில் அவர் சித்திரவதை செய்தது சபையில் பணிவிடைக்காரர்கள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை. முன்பு கிறிஸ்தவராக இருந்தோம், விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களும் அதே கடிதத்தில் வருகிறார்கள்.

இப்படி ஆபத்தான சமயத்தில் வருகிறவரை எல்லாம் சபை உடனே சேர்த்துக்கொள்ளுமா? மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற சபை ஒழுங்குநூல் ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருடம் கேட்டுப் படிக்கச் சொல்கிறது, ஆள் நல்ல மாதிரி என்றால் குறைத்துக்கொள்ளலாம். முதலில் தொழிலை விசாரிப்பார்கள். விபசார விடுதி நடத்துபவரும் ஆயுதம் ஏந்திச் சண்டை போட்டுக் காட்டும் கிளாடியேட்டரும் தொழிலை விட வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும். சிலை செய்பவர் சிலை செய்யக் கூடாது. பள்ளிக்கூட வாத்தியார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள்: அந்த வேலையை விட்டால் நல்லது, வேறு தொழில் தெரியாதென்றால் போகட்டும், செய்துகொள்ளலாம்.