பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் சமூகப் பணியாளராக விரும்பினால் பள்ளிக் காலத்திலேயே அவளை எப்படித் தயார் செய்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கும் தாய் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். மகள் உறுதியாக இருக்கிறாள் என்றும், மட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடிவதற்குள் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நான் திருமணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமான, வாழ்க்கைத் திறன்களைக் கற்றுத்தரும் லைஃப் ஓரியன்டேஷன் பாடத்தை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இந்த வேலைக்கு இரக்க குணம் இருந்தால் போதும் என்றுதான் பெரும்பாலான பெற்றோர்கள் நினைக்கிறார்கள். இரக்கம் இல்லாத பிள்ளை இந்தப் பக்கமே வராது. ஆகவே அதைக் கற்றுத்தர வேண்டிய அவசியமும் இல்லை. கற்றுத்தர வேண்டியது, கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கம். இது என் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து எனக்கே விளங்கிய உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தேன். அந்த அம்மாள் பயிற்சிக்காக வைத்திருந்த ஒரு சமையலறைப் படத்தைத் திரையில் காட்டி, ஐந்து நிமிடத்தில் குறிப்பு எழுதச் சொன்னார். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் மாணவி, "வீடு அலங்கோலமாக இருக்கிறது, பொறுப்பில்லாத தாய்" என்று எழுதியிருந்தாள். "இந்தப் படத்தில் தாய் எங்கே இருக்கிறார், கண்ணு?" என்று அவர் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார்: அடுப்பின் மேல் தட்டு போட்டு மூடிய கஞ்சிப் பானை, துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்ட பள்ளிச் சட்டை, சுவரிலுள்ள ப்ரீபெய்ட் மின்சார மீட்டரில் தெரிந்த சுழியம். மின்சாரத்துக்குப் பணம் இல்லாத நாளிலும் யாரோ அந்தப் பிள்ளைக்காகச் சட்டை துவைத்திருக்கிறார்கள் என்பதை அத்தனை பேரில் ஒருவர்கூட எழுதவில்லை. ஒரு குழந்தை வீட்டில் இருக்கலாமா கூடாதா என்பது இப்படிப்பட்ட குறிப்பைப் பார்த்தும் முடிவாகலாம். அன்றிலிருந்து வாரம் ஒரு படம் காட்டி எழுதவைக்கிறேன்; உங்கள் மகளோடு வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

எழுத்து வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு உதவித்தொகை (பெற்றோர் அல்லாதவர் வளர்க்கும் குழந்தைக்கு அரசு தரும் பணம்) கிடைக்க வேண்டுமானால் குழந்தைகள் நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். அந்த ஆணைக்குச் சமூகப் பணியாளரின் அறிக்கை வேண்டும். பணியாளர்கள் போதாமல் அறிக்கைகள் தாமதமாகி ஆணைகள் ஏராளமாகக் காலாவதியானபோது, உதவித்தொகை நின்றுவிடாமல் காக்க 2011-ல் பிரிட்டோரியாவில் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அறிக்கை ஒரு மாதம் தள்ளிப்போனால் எங்கோ ஒரு வீட்டில் அந்த மாதத்து அரிசியும் தள்ளிப்போகிறது.

அடுத்தது ரகசியம் காப்பது. தோழி ஒருத்தி தன் வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொல்லி, "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்" என்று கேட்டால், நல்ல மனமுள்ள பிள்ளை உடனே சத்தியம் செய்துவிடும். அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது என்பதை அவள் இப்போதே அறிந்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 110-ஆவது பிரிவு, ஒரு குழந்தை கொடுமைக்கு உள்ளாகிறது என்று நியாயமான காரணத்தோடு கருதும் ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர் போன்றோர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. "உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன், நீ போகும்போது உன்னோடு நானும் வருகிறேன்" என்று சொல்ல ஒரு பதினாறு வயதுப் பெண்ணால் முடியும். என் மாணவிகள் சொல்லியிருக்கிறார்கள்.

சேவை அனுபவத்துக்குக் கோயில் அன்னதானமும் முதியோர் இல்லமும் நல்ல இடங்கள்தான். ஒரு நாள் போய்ப் பரிமாறி, படம் எடுத்து, வாட்ஸப்பில் போட்டுவிட்டு வருவதை மட்டும் நான் ஏற்பதில்லை. ஒரே முதியவரை ஆறு மாதம் வாரந்தோறும் பார்த்து, அவர் சொன்ன கதையையே திரும்பச் சொல்லும்போதும் முகம் சுளிக்காமல் கேட்டிருந்தால், அதுவே பயிற்சி.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமூகப்பணிப் பட்டம் நான்கு ஆண்டுகள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்திலும் ஸூலுலாந்து பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். பட்டம் பெற்றவர் சமூக சேவைத் தொழில்களுக்கான தென்னாப்பிரிக்கக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் பணியாற்ற முடியும். பட்டத்துக்கு மதிப்பெண் போதாவிட்டால், துணைச் சமூகப் பணியாளர், குழந்தை மற்றும் இளைஞர் பராமரிப்புப் பணியாளர் என்ற வழிகளும் உண்டு. அவர்களும் அதே கவுன்சிலில் பதிவு பெறுகிறவர்களே. பட்டம் பெற்றும் அரசுப் பணியிடம் இல்லாமல் பலர் காத்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் மகளிடம் சொல்லுங்கள். தேவை இல்லாததால் அல்ல, நிதி ஒதுக்காததால் நேர்ந்த நிலை இது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று மொழிப்பாடம். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று நம் பிள்ளைகளில் பலர் இரண்டாம் மொழியாக ஆஃப்ரிகான்ஸ் எடுக்கிறார்கள். இந்த மாகாணத்தில் சமூகப் பணியாளரைத் தேடி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி சூலு மக்களின் மொழியான இசிசூலு. பணியாளருக்கு அந்த மொழி தெரியாதபோது, கோகோ (இசிசூலுவில் பாட்டி) சொல்வதை மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அவருடைய பேரப்பிள்ளைதான். தன் வீட்டுத் துயரத்தைத் தானே ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் நிலைக்கு எந்தக் குழந்தையையும் நாம் கொண்டுவரக் கூடாது. உங்கள் மகள் ஆஃப்ரிகான்ஸ் எடுத்திருந்தால், பத்தாம் வகுப்பில் பாடம் மாற்றுவது பின்னால் மாற்றுவதைவிட எளிது. இந்த வாரமே பள்ளியில் போய்க் கேளுங்கள்.